காதைத் தோளில் தேய்த்த மீன்காரம்மாள்

மகன் மாரடைப்பால் மறைந்தபோது என் பேத்திக்கு ஐந்து வயது. அன்று அவள் மீஞ்சூரில், தாய்மாமன் வீட்டில் இருந்தாள். எல்லாம் முடிந்து அவளை இராயபுரத்திற்கு அழைத்து வந்த பிறகு, அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று மருமகள் சொன்னாள். வேறெதுவும் எவரும் சொல்லலாகாது என்று எங்களையும் வேண்டிக்கொண்டாள். வீடு அதற்கு இணங்கியது.

அக்கோடையில் தொலைக்காட்சியில் சிறுவர் படமொன்றைப் பேத்தி ஓயாமல் பார்த்தாள். மனைவியோடு பிணங்கி வெளியேறிய தந்தை ஒருவர், ஒரு நாள் பால்காரராகவும் மறுநாள் வளையல் விற்கும் கிழவியாகவும் வேடம் புனைந்து தம் வீட்டிற்கே வருவார். வீட்டார் அனைவரும் ஏமாறுவர். காதைத் தோளில் தேய்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டு குழந்தை மட்டும் அவரை அறிந்துகொள்ளும். அக்காட்சிகளுக்குப் பேத்தி சிரித்ததே இல்லை. பாடம் கேட்பவளைப் போலக் கூர்ந்து நோக்குவாள். எரிவாயு உருளை கொண்டுவந்தவரின் மீசையையும் அப்படித்தான் நோக்கினாள்.

ஒரு காலை, காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாள் எங்கள் வாசலில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கைகள் முழுவதும் செதில். காது அரித்தது போலும். தலையைச் சாய்த்துத் தோளில் தேய்த்துக்கொண்டார்.

பேத்தி ஓடிச்சென்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, கண்டுபிடிச்சிட்டேன்."

"இன்னா கண்ணு, நான் உங்கப்பனா? மீசையே இல்லியே" என்று சிரித்தவர், மருமகளின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டுச் சாவு அவருக்குத் தெரியும்.

"இது பொய் முடிதானே?" என்றாள் பேத்தி.

அவர் கைகளைக் கழுவித் துடைத்து, கொண்டையை அவிழ்த்து முன்னே விட்டார். "இஸ்துப் பாரு. சவுரி கூட வெக்கல."

பேத்தி இரு கைகளாலும் இழுத்தாள். வலித்திருக்கும், அவர் அசையவில்லை.

"நல்லா ஒட்டியிருக்கீங்கப்பா" என்றாள்.

என் மகன் ஒருநாளும் காதைத் தோளில் தேய்த்தவனல்லன். படத்துத் தந்தையின் பழக்கத்தைத் தன் தந்தையுடையதாகவே அவள் நினைவில் வைத்திருந்தாள். மருமகளுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். படியில் அமர்ந்து மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்பா ஊருக்குப் போகலடி, கண்ணு" என்று தொடங்கினாள்.

மீன் பாதி ஆய்ந்தபடி கிடந்தது. மீன்காரம்மாள் எழுந்து விலகி நின்றார். என் மகனைக் கிடத்தியிருந்த நாளில் இத்தெருப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில்தான் நின்றார்கள். அவரும் கொண்டையை முடியாமலே நின்றுகொண்டிருந்தார்.