நாலாவது அடுக்கில் நூறு வாட்ஸ்

என் தகரப் பெட்டியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பித் துண்டு கிடக்கிறது. இரண்டு முனைகளைச் சேர்த்து முறுக்கிய ஒட்டு அது. ஒரு பக்கம் பாசி பிடித்ததுபோல் பச்சை, மறுபக்கம் கரி. எத்தனையோ ஊர் மாறியிருக்கிறேன், போட்டிருந்த சட்டையைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததும் உண்டு. இதை மட்டும் விட்டதில்லை. அந்த ஒட்டைப் போட்டவன் நான். கண்ணால் பார்க்காமலே அதைக் கண்டுபிடித்தவர் ஒரு வயர்மேன்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை அப்போது முடியவில்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சுச் சிப்பங்களைத் தோணியில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். கடற்கரையோரத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் சிப்பம் தூக்கும் மின்சார வின்ச்சை ஓட்டுவது என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொச்சியில் எலக்ட்ரிக் வேலை பார்த்ததாகச் சொன்ன பொய்யில் கிடைத்த இடம் அது. அதற்கு முன் ரயில் நிலையங்களில் தூங்கிக்கொண்டிருந்தேன். இங்கே படுக்க ஒரு மூலை இருந்தது. சேர்ந்த வாரமே, வின்ச்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று நீளம் பற்றவில்லை. உப்புத்தண்ணீர் பட்ட கையாலேயே இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, பாய்த்துணியைச் சுற்றிவிட்டேன். “ஒட்டில்லாத ஒரே கம்பிதானலே?” என்று கிட்டங்கி மேஸ்திரி கேட்டார். “ஒரே கம்பிதான் அண்ணாச்சி” என்றேன். அதன்மேல் சிப்பங்களை அடுக்கிவிட்டார்கள்.

நாலைந்து மாதத்தில் வின்ச் கிளம்பும்போதெல்லாம் முனக ஆரம்பித்தது. அதைப் பார்க்கத்தான் வயர்மேன் வந்தார். நாசரேத்து ஊர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். வின்ச்சை ஓடவிட்டு, மெயின் பலகையில் மீட்டரை வைத்தார். இருநூற்று இருபது வோல்ட். மோட்டாரில் வைத்தார், இருநூற்றுப் பன்னிரண்டு. ஓடிய கரண்டு இருபது ஆம்பியர். சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து இரும்புக் கதவில் எழுதினார். எட்டு வோல்ட் வழியில் தொலைகிறது. அந்த நீளக் கம்பி தானாக மூன்று வோல்ட்டைத் தின்னும். மிச்சம் ஐந்து, ஏதோ ஓர் இடத்தில் மொத்தமாகப் போகிறது. ஐந்தை இருபதால் வகுத்தால் கால் ஓம் தடை. “நல்ல கம்பியில இது வராது. எங்கனயோ ஒட்டு இருக்கு” என்றார்.

மேஸ்திரி சிரித்தார். “அஞ்சு வோல்ட்டுக்கா இம்புட்டுப் பாடு? என் டார்ச் லைட்டுக்கே நாலரை வோல்ட் வேணும்வே.”

“டார்ச்சுல ஓடுதது துளிக் கரண்டு அண்ணாச்சி. இங்கன இருபது ஆம்பியர். அஞ்சை இருபதால பெருக்குங்க.”

“நூறு.”

“நூறு வாட்ஸ். நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டுப் பஞ்சுக்குள்ள பொதிஞ்சு வச்சிருக்கிய.”

சொல்லிவிட்டு ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ஒட்டுப் போட்டவர் யார் என்று பொதுவாகக் கேட்டார். கணக்கு தொலைந்த வோல்ட்டைத்தான் சொல்லும், தொலைந்த இடத்தைச் சொல்லாது என்றார். நான் வின்ச் பக்கத்தில் நின்று என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அன்று இரவு எங்கே படுப்பது என்பதுதான் மனதில் ஓடியது.

“மூணு தோணி நிக்கு. காத்து மாறுததுக்குள்ள ஏத்தணும். கால் மணி நேரந்தான் ஒமக்கு” என்றார் மேஸ்திரி. வயர்மேன் வாசலிலிருந்து ஒவ்வொரு சிப்பமாக நகர்த்தித் தேடினார். ஒட்டு கிடந்ததோ எதிர்க்கோடியில், சுவரிலிருந்து நாலாவது அடுக்கில். அவர் வாசல் பக்கத்து இரண்டாவது அடுக்கைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்தது. மேஸ்திரி ஃபியூஸை அவர் கையிலிருந்து பறித்துச் சொருகினார். “ஏலே, போடுலே.”

லிவரைத் தள்ளினேன். வின்ச் முனகிக்கொண்டு கிளம்பியது. சிப்பம் மேலே ஏற ஏற, நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்: ஐந்து, இருபது, நூறு. கிழிந்த சாக்கைத் தைக்கும் அக்கா ஊசியும் கையுமாகப் போய், நாலாவது அடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

“ஏளா, அங்கன என்ன சாய்மானம்?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

“இந்தச் சிப்பம் வெதுவெதுன்னு இருக்குளா. ஒத்தடம் குடுத்த மாதிரி. ஒரு வாரமா இங்கனதான் சாயுதேன்.”

லிவரை இழுத்துவிட்டேன். சிப்பம் அந்தரத்தில் நின்று ஆடியது. “நாந்தான் ஒட்டுப் போட்டேன். அந்த அக்கா முதுகுக்குக் கீழதான் இருக்கு” என்றேன். வயர்மேன் மெயினுக்கு ஓடினார்.

அடிச் சிப்பத்தைப் புரட்டினோம். சாக்கு பழுப்பேறிக் கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே பஞ்சு கருகி, பால் அடிப்பிடித்த வாடை. தீ இன்னும் பிடிக்கவில்லை. வாளி வாளியாகக் கடல்தண்ணீரை ஊற்றினோம். மேஸ்திரி என்னைக் கன்னத்தில் அறைந்து, என் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார். அது நியாயம்தான்.

வயர்மேன் ஒட்டின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி போடச் சொன்னார். வெளியே வந்து அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். “கால் மணி நேரம் முன்னாடி சொல்லிருக்கலாம்லா அண்ணே” என்றார். உள்ளே அக்காவின் குரல் கேட்டது: “ஏன்லே அதப் போயிப் பிரிச்சிய? இப்பத்தான் முதுகுவலி கொஞ்சம் விட்டிருந்துச்சு.”

அவளுக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களா, தெரியாது. அன்று ரயில் நிலையத்தில்தான் படுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ அறைகள். எங்கே தங்கினாலும் முதலில் சுவரிலுள்ள சுவிட்சுப் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று. இதை எழுதும்போது பெட்டியிலிருந்து அந்த ஒட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். சில்லென்று இருக்கிறது.