இஞ்சி மணக்காத காலை

காலை ஏழே கால் மணிக்கு அக்கா பின்வாசலில் உட்கார்ந்தபடி கேட்டார்கள்: "ஏட்டி, டீயில இஞ்சி போடலியா?"

நிறையவே தட்டிப் போட்டிருந்தேன். அடுப்படி முழுக்க மணந்தது. அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிற்று. தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார்கள்.

"நீ பைய உள்ள போ. பாப்பாவ இங்கன வரவிடாத."

பாப்பா என் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்திருந்தது. குழந்தையின் தலை திரும்பிவிட்டதா என்று முந்தின மாலைதான் அக்கா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தார்கள்.

அக்கா பாளையங்கோட்டையில் பிறந்தவர்கள். மிஷன் பள்ளி ஆசிரியரான எங்கள் அப்பா இறந்தபோது நான் சிறுமி. அக்கா செவிலியர் படிப்பை முடித்து, முதல் சம்பளத்திலிருந்தே என்னைப் படிக்கவைத்தார்கள். பெண் கேட்டு வந்தவர்களை, "மொதல்ல இவ ஒரு நெலைக்கு வரட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். நான் ஒரு நிலைக்கு வந்தபோது அவர்களைக் கேட்டு யாரும் வரவில்லை. என் கணவர் வெளிநாடு போனபின், திசையன்விளை அருகே தமக்கு மாற்றலான ஊருக்கே எங்களையும் கூட்டிக்கொண்டார்கள். அக்காவுக்குக் கோபம் சட்டென்று வரும். அதில் அகப்படாதவர்கள் நம் உறவில் குறைவு.

கொரோனா இரண்டாம் அலையில் அவர்களுடைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு நிற்கும் வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. தொண்டையில் மாதிரி எடுக்கும் குச்சியைக் கண்டால் பிள்ளைகள் வாயை இறுக்கிக்கொள்ளும். அக்கா ஒரு கணம் முகக்கவசத்தை இறக்கி 'ஆ' என்று காட்டுவார்கள். பிள்ளையும் வாயைத் திறக்கும். மருத்துவர் அம்மா கண்டித்ததையும் தாம் சொன்ன பதிலையும் வீட்டில் நடித்தே காட்டியிருக்கிறார்கள்.

"சிஸ்டர், மறுபடியும் மாஸ்க்க எறக்கினீங்களா?"

"வாயப் பூட்டிக்கிட்டு நிக்குத புள்ளைட்ட குச்சிய எங்கன விடச் சொல்லுதிய டாக்டர்? மாஸ்க்குக்குள்ள 'ஆ' காட்டினா அதுக்குத் தெரியுமா?"

அதனால்தான் தொற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருபோதும் முகக்கவசத்தை இறக்காதவர்களும் அங்கே நோயுற்றார்கள். நாள் முழுக்க இருமுகிறவர்கள் முகத்துக்கு நேரே நிற்பதுதான் அவர்கள் வேலை. பாப்பா வந்த பிறகு அக்கா கொல்லைக் குழாயடியில் குளித்துவிட்டே படியேறினார்கள், தனியாகவே சாப்பிட்டார்கள். ஆனாலும் அந்தக் கை வயிற்றில் பட்டதே என்றுதான் என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அக்காவுக்குத் தொற்று உறுதியானதும் எனக்கும் பாப்பாவுக்கும் பரிசோதனை எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கைபேசியில் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பாப்பாக்கு ரிசல்ட் வந்துட்டா?" இல்லை என்பேன். பிறகு மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். முடிவு வருமுன் அக்கா போய்விட்டார்கள்.

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரால் அன்று அடக்கத்துக்கு வர இயலவில்லை. அதில் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. கேட்டருகே சோற்றுப் பாத்திரம் வைத்துப் போன அண்டை வீட்டாருக்கும், கல்லறைத் தோட்டத்தில் தூர நின்று ஜெபித்த சபைப் போதகர் ஐயருக்கும், தங்கள் பெயரைச் சொல்லாமலே அக்காவைக் குழிக்குள் இறக்கிவைத்த தன்னார்வப் பிள்ளைகளுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அக்காவின் செய்தி வந்த காலையில் பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, புள்ள அசையல" என்றாள். நான் அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று அழாமலே நின்றேன். ஆம்புலன்ஸ் ஒன்றும் கிடைக்கவில்லை. பரிசோதனை முடிவு தெரியாத வீடு என்று வாடகை வண்டிக்காரர்களும் தயங்கினார்கள். கடைசியில் அக்காவின் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து சொன்னேன்.

உச்சிப்பொழுதில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அக்காவோடு வேலை பார்த்த இளம் செவிலியர், தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடையில். கண்கள் மட்டும் வீங்கித் தெரிந்தன.

"சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உங்களப் பாத்துக்கிடச் சொன்னாங்க. எடதுபக்கம் சாஞ்சு படு பாப்பா."

குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். திடீரென்று அறை முழுக்க அந்தத் துடிப்பு கேட்டது.

"கேக்குதா யக்கா? என்னா ஓட்டம் ஓடுது! உங்க ரெண்டு பேருக்கும் தொற்று இல்லன்னும் வந்துட்டு." கையுறையோடு என் தோளைத் தொட்டார். "நீங்க அந்த ரூமுக்குப் போயி சிஸ்டருக்கு அழுங்க. பாப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."