ஐந்தாம் பிரஸ்ஸின் உச்சி வேளை

கப்பலூரில் நாங்கள் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிறோம். தகரக் கூரை போட்ட ஒரே கொட்டகை, வரிசையாக ஐந்து பவர் பிரஸ். பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கீழே வைத்த தகடு மூடியாகிவிடும். நாள் முழுக்க அந்த இடிச் சத்தம்தான். சரக்கு ஏற்றும் வாசல் பக்கம் இருந்த என்னை முதலாளி சூபர்வைசராக்கி உள்ளே அனுப்பிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். உச்சி வேளை நெருங்கும்போது மேற்கு மூலையில் இருக்கும் ஐந்தாவது பிரஸ் மட்டும் ஓய்ந்துவிடும்.

அதை ஓட்டும் அக்கா எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார். சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கும். சுவிட்சை அணைக்கக்கூட அவர் கை போகாது. ஆளில்லாத ஸ்டூலுக்கு முன்னால் மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற நால்வரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டார்கள்.

முதலாளி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களிடம் பேசுவது சுத்த மதுரைத் தமிழ்.

“தெனமும் ஒரு மிசின் சும்மா சுத்துது. அந்தம்மாவ ஓட்டச் சொல்லு. இல்லைன்னா திங்கக்கெழமையிலருந்து வரவேணாம்னு சொல்லிரு. இதுக்குத்தானப்பா ஒன்னைய மேல ஏத்துனேன்?”

அக்காவுக்கு எழுமலைப் பக்கம். எனக்கும் அதே பக்கம்தான். அவர் மகள் உசிலம்பட்டியில் கல்லூரிக்குப் போகிறாள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். எங்கள் வீட்டில் அது நான். ஒரு வீட்டில் முதல் ஆள் படிப்பதற்குப் பின்னால் யாருடைய சம்பளம் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆனையூரிலிருந்து வரும் பஸ்ஸில், நல்ல மேனேஜர் ஆவது எப்படி என்று சொல்லும் வீடியோக்களைக் கேட்டுக்கொண்டே வருவேன். வேலை வாங்குவதைப் பற்றிக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. என் அப்பா மேய்த்ததெல்லாம் ஆடு. அந்த வீடியோக்களில் ஒருவர் சொன்னது மனதில் நின்றது: கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திரு.

மறுநாள் என் சாப்பாட்டு டப்பாவோடு அவர்கள் நடுவே போய் உட்கார்ந்தேன். “அஞ்சாவதுல என்னக்கா?” என்று கேட்டேன்.

மெல்லும் சத்தம்கூட நின்றது. பின்னால் அந்த மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. காத்திருந்தேன்.

இரண்டாவது பிரஸ் ஓட்டும் அண்ணன்தான் வாயைத் திறந்தார். “அக்காவுக்கு வயித்து வலி சார். பன்னெண்டுக்கு வந்து ஒரு மணிக்குப் போயிரும். கெவர்மெண்டு வயித்து வலி, டயம் தவறாது.”

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. நான் இன்னும் காத்திருந்தேன்.

“அது ரத்தம் குடிச்ச மிசின்” என்றார் அக்கா, சோற்றைப் பார்த்துக்கொண்டே. “எனக்கு முன்னாடி இருந்தவன் வெரல வாங்குச்சுல்ல, அதுலருந்து. உச்சியில ஆளில்லாட்டியும் எறங்குது. வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் அப்பி, குங்குமம் வச்சு, கும்புட்டுத்தான் ஒக்காருறேன். மத்த நேரம் விட்டுருது. உச்சியில விடாது.”

“தானா எறங்குதா? யாரு பாத்தது?”

“எல்லாருந்தான்.”

யாரும் தலை நிமிரவில்லை.

“ஏங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா மிசின நிறுத்துவீகளா, எங்கள நிறுத்துவீகளா?”

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன்.

அடுத்த நாள் பன்னிரண்டுக்கு முன்பே போய் அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவரை எழுப்பிவிட்டு உட்காரவில்லை. அவர் எழுந்து போன பிறகுதான். கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் வட்டம் அச்சின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தகட்டை வைத்தேன். மற்ற பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

“சார், காலத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக்கங்க” என்றார் இரண்டாவது பிரஸ்காரர். குரலில் கேலி இல்லை.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெடல் கீழே தனியாக இருந்தது. வெயில் வட்டம் அச்சின் நடுவுக்கு வந்தது. மோட்டாரின் முனகல் ஒரு கணம் தணிந்தது போல இருந்தது, யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது மாதிரி.

அச்சு இறங்கியது. ஏறியது.

மூடி தயாராக இருந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அம்புட்டுச் சுத்தமான மூடியை நான் பார்த்ததில்லை. அதை எடுக்க என் கை தானாகப் போனது.

“கைய எடு!”

அக்காவின் அலறல். கையை இழுத்ததும், அது இருந்த இடத்தில் அச்சு மறுபடியும் இறங்கியது. சுவரில் இருந்த மெயின் சுவிட்சை எப்படிப் போய் அணைத்தேன் என்று நினைவில்லை.

மதியம் மெக்கானிக் வந்து கிளட்ச் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்து திருப்புளியால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டியைக் குடைந்து எடுத்தார். சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் ஊறிக் கல்லாகியிருந்தன.

“அச்சப் புடிச்சு நிறுத்துற கொக்கி திரும்பி வந்து மாட்ட எடமே இல்ல. வாரா வாரம் யாரோ ஊட்டிவிட்டிருக்காக தம்பி. ஸ்பிரிங்கும் செத்துப்போச்சு.”

“வெரலு போனப்ப சந்தனம் கெடையாதேண்ணே?”

“ஸ்பிரிங் அப்பவே போயிருக்கும்.”

“அப்ப ஏன் உச்சியில மட்டும்?”

“சூட்டுனால இருக்கும்.” கட்டியைக் கையில் புரட்டிப் பார்த்தார். “இருக்கும்னுதான் சொன்னேன்.”

அந்தக் கட்டியோடும் உடைந்த ஸ்பிரிங்கோடும் முதலாளி அறைக்குப் போனேன். “பேய் கதைய நீயும் நம்பிட்டியா?” என்றார்.

“தெரியல மொதலாளி. எறங்குனதப் பாத்தேன். என் கை அதுக்குள்ள இருந்திருக்கும். கம்பிக் கூண்டு போடாம அதுல ஆளை ஒக்கார வைக்க மாட்டேன்.”

“சந்தனம் யாரு அப்புனது?”

“கேக்க மாட்டேன். பயந்தவுக அப்புனது. ஸ்பிரிங்க மாத்தாதது நாம.”

‘நாம’ என்ற சொல்லை அவர் கவனித்தார். நெற்றி நாமத்தை விரலால் தொட்டுக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு காத்து நின்றேன். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில், “கூண்டு எம்புட்டு ஆகும்னு கேளு” என்றார்.

அக்காவைத் தனியாக அழைத்து, மெக்கானிக் எடுத்த கட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “நானா அதுக்கு ஊட்டுனேன்?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, ஸ்பிரிங் மாற்றிக் கூண்டு போட்ட பிரஸ்ஸின் முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “கீழ வேணாங்க்கா, கிளட்சுக்குள்ள போயிரும். மேல, இந்த எடத்துல வைங்க” என்று கைகாட்டினேன். எட்டி, கண்கள் மாதிரி இரண்டு பொட்டு வைத்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார்.

“இம்புட்டு நாளா கீழ என் கையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப நீங்க நிக்கிற எடத்தப் பாக்குறாரு, சார்.”

சாதாரணமாகத்தான் சொன்னார்.

உச்சி வந்தது. அக்கா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நானும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அதன் பிறகு, ‘எல்லாம் சரியா இருக்கா’ என்று யாரையும் கேட்பதில்லை. அதற்கு ‘இருக்கு சார்’ என்று ஒரே பதில்தான் வரும். ‘எதுக்குப் பயமா இருக்கு’ என்று கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள். போன வாரம் இரண்டாவது பிரஸ்காரர் கூப்பிடாமலே என்னிடம் வந்தார். கேலியெல்லாம் வற்றிப்போன முகம்.

“சார், அது இப்ப இங்கிட்டு முனகுது.”

போய் அவர் பிரஸ்ஸில் காதை வைத்தேன். எனக்கு வித்தியாசமாக எதுவும் கேட்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன்.