ரியோஹாவில் நான் காய்ச்சிய நண்டுக் கறி

நோர்வேயின் வடக்கில், மீன் தொழிற்சாலையில் தலை வெட்டியவன் நான். ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், நிலம் துடைத்தேன். அந்த நகரின் குறொன்லாண்ட் பகுதியில் பலசரக்குக் கடை போட்டேன். ஆறு மாதத்தில் பூட்டிவிடுவான் என்றார்கள், பூட்டவில்லை. பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடையும் திறந்தேன். நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினேன். படித்தது எட்டாம் வகுப்பு. இரண்டு தரம் கடன் இல்லை என்று சொன்ன வங்கி முகாமையாளர், மூன்றாம் தரம் என் கடையில் நண்டுக் கறி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பெயினின் வைன் நாடான ரியோஹாவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை.

சாப்பாட்டுக் கடையை இப்போது என் மகள் தாரணி பெரிதாக்கிக் கட்டுகிறாள். வைனைப் பற்றிப் படித்துச் சான்றிதழும் வைத்திருக்கிறாள். கடையின் பெயரே நண்டுக் கறியில்தான் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் எந்த வைனை வைப்பது? ஆகப் பழையது, ஆக விலை கூடியது என்பது என் கட்சி. அவளோ மலிவான இளஞ்சிவப்பு வைன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரியோஹாவுக்கே போய் ருசித்து முடிவெடுப்பது, தோற்றவர் வாய் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டு புறப்பட்டோம்.

அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் மனைவி கேட்டாள்: "அப்பனும் மகளும் கட்டிறது சாப்பாட்டுக் கடையோ, கள்ளுத் தவறணையோ?" பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினோம்.

விமான நிலையத்தில் என் சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தாள் தாரணி.

"என்னப்பா உதுக்குள்ளை?"

"கறித்தூள். பழப்புளி. ரெண்டு ரின் தேங்காய்ப்பால்."

"ஸ்பெயினிலை சனம் சாப்பிடாமலே கிடக்குது?"

"சாட்சி இல்லாமல் நான் வழக்குக்குப் போறேல்லைப் பிள்ளை."

இடையில் விமானம் மாறி, பிற்பகல் பில்பாவோவில் இறங்கினோம். ஆற்றங்கரைச் சந்தையில் நண்டு கிலோ பன்னிரண்டு யூரோ. நண்டின் வயிற்றை அமத்திப் பார்த்து இரண்டு கிலோ எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை வாடகைக் காரில் தெற்கே நூறு கிலோமீட்டர். மலையைத் தாண்டியதும் மழை நின்றது, நிலம் செம்மண்ணானது. திராட்சைக் கொடிகள் ஆள் இடுப்பளவுதான். இலைகள் சிவந்து கிடந்தன. கடைசி அறுவடையை ஏற்றிய உழவு இயந்திரங்கள் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தன. ஆரோ என்ற ஊருக்குள் நுழையும்போதே பழம் புளிக்கும் மணம் கார்க் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

வைன் செய்யும் இடத்தை அங்கே போதெகா என்கிறார்கள். நாங்கள் போன போதெகாவின் சொந்தக்காரி மரிசோல், ஐம்பது வயது, உரத்த குரல். அவள் ஸ்பானிய மொழியில் சொன்னதைத் தாரணி தமிழாக்கினாள்.

நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். ரியோஹாவின் ராசா தெம்பிரானியோ என்ற கறுப்புத் திராட்சை. கர்னாச்சா அதற்குத் துணை. வெள்ளை வைனுக்கு வியூரா. சிவப்பு வைனுக்குத் தரம், வைத்திருக்கும் காலத்தைப் பொறுத்தது. இரண்டு வருடம் வைத்து, அதில் ஒரு வருடமாவது ஓக் மரப் பீப்பாயில் கிடந்தால் கிரியான்சா. மூன்று வருடமென்றால் ரெசெர்வா. ஐந்து வருடம், அதில் இரண்டு பீப்பாயில், இரண்டு போத்தலில் கிடந்தால் கிரான் ரெசெர்வா.

"பாத்தியே? அரிசியும் புளியும் போலை. பழசுதான் திறம்," என்றேன்.

"உது அரிசி இல்லையப்பா," என்றாள்.

ருசி பார்த்துவிட்டு வாளிக்குள் துப்பச் சொன்னார்கள். வாய்க்குள் வந்த நல்லதைத் துப்பி எனக்குப் பழக்கமில்லை, விழுங்கினேன். கிரான் ரெசெர்வா, போத்தல் இருபத்துமூன்று யூரோ: பட்டுப் போல இறங்கியது. கர்னாச்சாவில் செய்த இளஞ்சிவப்பு, ரொசாதோ என்பார்கள், ஐந்தரை யூரோ. பழத் தோலைச் சாற்றில் சில மணித்தியாலம் மட்டும் ஊறவிட்டு வடிப்பதால் அந்த நிறமாம்.

"அஞ்சரை யூரோச் சாமானை என்ரை நண்டுக்குப் பக்கத்திலை வைக்கிறதோ? வங்கிக்காரன் சிரிப்பான்."

"பெட்டியைத் திறவுங்கோவன். சாட்சியை விசாரிப்பம்."

போதெகாவின் பின்புறத்தில், காய்ந்த திராட்சைக் கொடிகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர் அதில்தான் ஆட்டு விலா வாட்டுவார்களாம். அந்த நெருப்பில் நான் நண்டு காய்ச்சினேன். கொடி நெருப்பு சட்டென்று ஏறி சட்டென்று விழும்; விடாமல் சுள்ளி வைக்க வேண்டும். தூள் விழுந்த மணத்துக்குப் பீப்பாய் உருட்டியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மரிசோல் இருமி இருமிச் சிரித்தாள்.

ஒரு வாய் கறி, ஒரு மிடறு கிரான் ரெசெர்வா. நான்தான் முதலில் குடித்தேன். பட்டு எங்கே? வேப்பம்பட்டை போலக் கசந்தது, உறைப்பு இரண்டு மடங்காக ஏறிக் காது அடைத்தது. முகத்தை மாற்றாமல் இருந்தேன். இன்னொரு வாய் கறி, ஒரு மிடறு குளிர்ந்த ரொசாதோ. நாக்கின் எரிவு அணைந்தது, நண்டின் இனிப்பு திரும்பி வந்தது. கை தானாகவே அடுத்த காலை உடைத்தது.

தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா, கதை பேச்சைக் காணேல்லை?"

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

மரிசோல் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "உங்கடை அப்பா துப்பாமலே தீர்ப்புச் சொல்லிப்போட்டார் எண்டிறா," என்று தாரணி சொன்னாள். எழுபது பெட்டி ரொசாதோவுக்கு அங்கேயே கை கொடுத்தேன். கிரான் ரெசெர்வாவும் வாங்கினோம், ஆட்டு வாட்டலுக்கு.

வியாழன் மாலை ஒஸ்லோவில் இறங்கினோம். குளிர், மழை. ரியோஹாவில் ஒரு திராட்சை ஐந்து வருடம் இருட்டில் கிடந்துதான் பெயர் எடுக்கிறது. நான் முப்பது வருடம் கிடந்தேன். பீப்பாயில் செய்தவரின் பெயரையும் வருடத்தையும் சுட்டு வைத்திருக்கிறார்கள். யார் செய்தது என்பதை அங்கே ஒருவரும் மறைப்பதில்லை.

நேற்று தாரணி புதிய கடையின் வீன்கார்ட்டைக் காட்டினாள், வைன்களின் பெயர் போட்ட அட்டை. அழகாகத்தான் இருக்கிறது. ரொசாதோவுக்குக் கீழே ஒரு வரி: "எங்கள் நண்டுக் கறிக்காகத் தெரிவு செய்தவர் தாரணி." சரி, அவள் சொன்னதுதான் வென்றது. தோற்றவர் வாய் திறப்பதில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் தோற்ற கட்சி மட்டுமல்ல, சாட்சியைக் கொண்டுபோனவனும் நான்தான். அந்தக் கறி இல்லாவிட்டால் நாங்கள் இன்றும் பட்டு, விலை என்று அடிபட்டுக்கொண்டிருப்போம்.

ஆகவே, பிள்ளை, அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி போடு: "தீர்ப்புச் சொன்ன கறி, அப்பாவுடையது." கடைக்கான தூள் என் கையால்தான் வறுபடுகிறது என்பது உனக்குத் தெரியும். அந்த வரி ஏறும்வரை அடுப்புப் பற்றாது.