வசனம்போல் ஒப்பித்த கணக்கு

மும்பையில் செம்பூரில் பிறந்து வளர்ந்த நான் தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, புகுந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை காத்திருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த நாத்தனாருக்குக் கணக்கும் கெமிஸ்ட்ரியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, "பொறவு பாப்போம்" என்று சொன்ன மாமியார், இதற்கு மட்டும் மறுநாளே பாயை விரித்துவிட்டார். எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும், படித்த படிப்பு துருப்பிடிக்காமல் இருக்குமே என்று உட்கார்ந்தேன்.

அவள் சயானில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படித்தாள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, இங்கிலீஷ் புத்தகத்தில் மட்டும். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மைனி" என்பாள். துத்தநாகத் துண்டை அமிலத்தில் போட்டால் ஏன் குமிழி வருகிறது என்று படம் போட்டு விளக்குவேன். மறுநாள் கேட்டால் கடகடவென்று சொல்வாள். ஒரே ஓர் இடத்தில்கூடத் தடுக்காது. "உங்க தங்கச்சிக்குக் கற்பூர புத்தி" என்று கணவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழறையில் டிவிக்கு மேலே இருந்த பலகை முழுவதும் அவள் வாங்கிய கப்புகள். எல்லாம் சர்ச்சில் ஞாயிறு பள்ளியின் பைபிள் வசனப் போட்டியில் வாங்கியவை. நான்கு வயதிலிருந்து முதல் பரிசு அவளுக்குத்தான். ஓர் எழுத்துத் தப்பாமல், மூச்சு விடும் இடம்கூட மாறாமல் சொல்வாள் என்று சபையில் பேர். மாமியார் சனிக்கிழமைதோறும் அந்தக் கப்புகளைத் துடைத்து வைப்பார்.

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. கணவருக்கு டியூட்டி. மாமியாரும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

பிரின்சிபால் அம்மா மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று அவளுடைய விடைத்தாள். மற்றது கடையில் விற்கும் கைடில் ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். அப்பா வயது மகன் வயதைப் போல் மூன்று மடங்கு, இருவர் வயதையும் கூட்டினால் அறுபது, வயதுகளைக் கண்டுபிடி. இது கைடில் இருந்த கணக்கு. பரீட்சையில் அந்த அறுபதை அறுபத்து நான்காக மாற்றியிருந்தார்கள். அவளோ அறுபது என்றே எழுதி, நாற்பத்தைந்து, பதினைந்து என்று முடித்திருந்தாள். அது மட்டுமல்ல, கைடில் அச்சுக்காரர் தவறி ஒரே வரியை இரண்டு முறை அடித்திருந்தார். அவள் தாளிலும் அந்த வரி இரண்டு முறை இருந்தது.

"சீட்டு வைத்து எழுதியிருக்கிறாள்" என்றார் பிரின்சிபால், இந்தியில். மாற்றுச் சான்றிதழான எல்.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்றும் சொன்னார்.

மாமியார் அந்த நாற்காலியிலேயே ஒடுங்கிப்போனார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "மானத்த வாங்கிட்டியே ஏட்டி. நாளைக்கே தையல் கார்கானாவுக்குப் போயிரு. படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார். சும்மா மிரட்டவில்லை. எங்கள் சந்தில் பாதிப் பெண்பிள்ளைகள் அங்கேதான் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காப்பி அடிக்கலம்மா. காட் பிராமிஸ்" என்று அழுதாள் அவள்.

அந்த இரட்டை வரியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அது நல்ல வழி இல்லை என்றும் தெரிந்தது. ஆனால் கார்கானா அதைவிட மோசம்.

"மேடம், அந்தக் கைடை நீங்களே வச்சுக்குங்க. எந்தப் பக்கத்தை வேணும்னாலும் கேளுங்க. இங்கேயே, உங்க முன்னாடியே எழுதுவா" என்றேன்.

வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவள் உதடுகள் அசைந்தன. கை நிற்காமல் ஓடியது. முதலில் அதே வயதுக் கணக்கு. இரட்டை வரி இரட்டை வரியாகவே வந்தது. அடுத்து கெமிஸ்ட்ரியில் ஒரு கேள்வி. நான் படம் போட்டுப் போட்டு விளக்கிய அதே துத்தநாகம், அதே அமிலம். கைடில் இருந்தபடி எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் ‘அடுத்த பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்க’ என்றும் எழுதினாள். அவள் தாளில் அடுத்த பக்கமும் இல்லை, படமும் இல்லை.

பிரின்சிபால் ஜெராக்ஸையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு ஞாபக சக்தியை நான் பார்த்ததே இல்லை என்றார். காப்பி இல்லை, எல்.சி. வேண்டாம். ஆனால் கணக்கிலும் சயின்ஸிலும் பெயில். ஜூனில் மறுபரீட்சை எழுதித் தேறினால்தான் பத்தாம் வகுப்பு. மாமியார் காதில் முன்பாதிதான் விழுந்தது. "யேசப்பா கைவிடலம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீடு திரும்பும்போது நைன்ட்டி ஃபீட் ரோட்டில் மாமியார் முன்னால் வேகமாக நடந்தார். அவள் என்னோடு பின்தங்கி வந்தாள்.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம் மைனி."

"சும்மா இருந்தா ஸ்கூல் போயிருக்கும்டி."

"காப்பி அடிச்சவள்னா கெட்டவள்னுதான் நெனைப்பாங்க. இப்ப ஒண்ணும் தெரியாதவள்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதான். அவளை நல்லவள் என்று நிரூபிக்க நான் எதையெல்லாம் மேசையில் பரப்பினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். மாமியார் ஒன்று விடாமல் சொல்லி முடித்து, "ஏட்டி, எந்திச்சு அந்தக் கணக்கச் சொல்லு. ஆன்ட்டி கேக்கட்டும்" என்றார். வசனம் சொல்லக் கூப்பிடுவாரே, அதே குரல்.

அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இங்கிலீஷில் இரண்டு வரி சொன்னாள். அப்புறம் நின்றுவிட்டது.

"ம், சொல்லு."

"மறந்துட்டும்மா."

"காலைல எழுதுனியே!"

"மறந்துட்டு."

மறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா, பிள்ளை களைத்துப்போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாமியார் முணுமுணுத்தபடி அரிசி களையப் போனார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"மைனி, எக்ஸ்னா என்னது? மொதல்லேர்ந்தே எனக்குத் தெரியாது."

ஒரு வருடமாக அந்த எழுத்தைத் தினமும் எழுதிக் காட்டியவள் நான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கூராகவே இருந்ததை இன்னும் கொஞ்ச நேரம் சீவிக்கொண்டிருந்தேன்.