நுனி ஒடித்த வெண்டைக்காய்

உத்தமபாளையத்துக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, சென்னையை விட்டு வர மாட்டேன் என்று என் மனைவி ஒரே பிடியாக நின்றாள். அங்கே நாங்கள் இருந்தது, மேல்மாடியில் அவளுடைய அக்கா குடியிருந்த வீடு. கூப்பிட்டால் படிக்கட்டிலேயே பதில் வரும். அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு அஸ்திரம்தான் இருந்தது. காய்கறி.

"கம்பம் பள்ளத்தாக்குன்னா சும்மாவா? ஜன்னலைத் திறந்தா கத்தரித் தோட்டம். செடியில பறிச்சு நேரா குழம்புல போட வேண்டியதுதான்" என்று அளந்துவிட்டேன். நான் கம்பம் பள்ளத்தாக்கை அதுவரை பேருந்தில் தூங்கியபடி மட்டுமே கடந்திருக்கிறேன் என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்கறி என்றால் இளகிவிடுகிறவள் அவள். வந்துவிட்டாள்.

புது வீட்டில் ஜன்னலைத் திறந்தோம். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

போகட்டும் என்று கடைத்தெருவுக்குப் போனேன். காய்கறிக் கடை பாய் நல்ல மனிதர். அவருடைய பீன்ஸ்தான் நெடுந்தூரம் நடந்து வந்ததுபோல் துவண்டு கிடந்தது.

"பாய், இது எங்க விளைஞ்சது?"

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து வந்துச்சு சார்."

"அங்கேயா விளைஞ்சது?"

"வெளஞ்சது இங்கனதேன். அங்கன போயிட்டு வந்துச்சு."

சொந்த ஊரை விட்டுப் போய், களைத்துப்போய்த் திரும்பி வந்த அந்த பீன்ஸின் மீது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் எனக்கும் ஒரே நிலைமை.

நல்ல காய் எங்கே போகிறது என்பது காலை நடையில் தெரிந்தது. வண்டி வண்டியாக வலை போட்டுக் கட்டிய மூட்டைகள், லோயர் கேம்ப் வழியாக மலையேறிக் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. வலைக்குள்ளிருந்து பளபளவென்று எட்டிப் பார்த்த புடலங்காய்களுக்குக் கை இருந்திருந்தால் எனக்கு டாட்டா காட்டியிருக்கும். நான் நின்று பார்ப்பேன். பிறகு பாய் கடைக்குப் போவேன். வீட்டில் மனைவி பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு கத்தரிக்காயை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு உள்ளே போவாள். அவ்வளவுதான்.

அக்காவின் தொலைபேசி அப்போதுதான் வந்தது. எங்கள் பழைய வீட்டுக்கு எதிர் வீடு காலியாகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் சகலையும் எங்களைப் பார்க்க வருகிறார்களாம். பிடிக்கவில்லை என்றால் மனைவி அவர்களோடே கிளம்பிவிடலாம். "நீங்க சனி ஞாயிறு வந்து போங்க" என்று எனக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சகலை தொலைபேசியை வாங்கி, "தோட்டத்துக் காய் சாப்பிடறதுக்காக வயித்தைக் காலியா வச்சிட்டு வர்றேன், சகலை" என்றார்.

மனைவியிடம், "நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு சொன்னேன்."

சனிக்கிழமை காலை நான் ஸ்கூட்டரை எடுத்த வேகத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்கோ பிரசவ வலி என்றே நினைத்திருப்பார்கள். ராயப்பன்பட்டியில் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "லோடு ஏறிருச்சே சார், வெள்ளன வந்திருக்கணும்" என்றார்கள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் சகலை சிரிக்கிற சிரிப்பு காதிலேயே கேட்டது. வண்டியைத் திருப்பி அனுமந்தன்பட்டிப் பக்கம் விரட்டினேன்.

அங்கே ஒரு தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். சுணை குத்தாமல் இருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, அதில் குவியல். அப்படி ஒரு பச்சையை நான் சென்னையில் போக்குவரத்து விளக்கில்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் தோட்டத்துக்காரம்மா செல்போனும் கையுமாக நின்றார்.

"அம்மா, ஒரு கிலோ வேணும்."

"கிலோவா? இங்கன தராசே இல்ல சார். அம்புட்டும் லோடு. வண்டி வந்துக்கிட்டிருக்கு."

"கொஞ்சமா குடுத்தாப் போதும். வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க."

"எனக்கும் விருந்தாளிதேன் வாராக, லாரில. சொன்ன காய் கொறஞ்சா அவுக என்னயத்தேன் வைவாக." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "சேட்டா, காய் ரெடியாணு! வண்டி எவிடெ?" என்று கேரள வியாபாரியிடம் மலைக்கே கேட்கிற மாதிரி போனில் கத்தத் தொடங்கினார்.

நான் குவியலின் ஓரம் குந்தினேன். பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். எனக்கு நகம் கடிக்கப் பிடிக்காது. எதிரே வெண்டைக்காய் இருந்தது. ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன். 'டிக்'. பிஞ்சு. இன்னொன்று. 'டிக்'. அதுவும் பிஞ்சு. சென்னைக் கடையிலும் நான் இப்படித்தான். "நாலு காய் வாங்க நாற்பது மூக்கை ஒடிக்கணுமா? அசிங்கமா இருக்கு" என்று மனைவி தள்ளிப் போய், தெரியாதவள்போல் நிற்பாள். இங்கே தடுக்க ஆளில்லை. சகலையின் முகம் நினைவுக்கு வந்தது, 'டிக்'. காலியாகிற எதிர் வீடு, 'டிக்'. ஜன்னலோரக் கத்தரிக்காய், 'டிக்', 'டிக்'. முற்றல் என்று ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லை.

"ஆத்தாடி! என்ன சார் பண்றீக?"

நிமிர்ந்தேன். என் முன்னால் மூக்கறுந்த வெண்டைக்காய்கள் தனிக் குவியலாகக் கிடந்தன.

"பிஞ்சான்னு பார்த்தேன்மா..."

"பிஞ்சாப் பாத்துத்தேன் பறிக்கச் சொல்லிருக்கேன். நீங்க என்ன பரிச்ச பேப்பரா திருத்துறீக?"

பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெண், "யக்கா, சார் நம்மளவிட வேகமா வேல பாக்குறாக. நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றாள். சிரிப்பு வேப்பமரத்தில் இருந்த காக்கையைக் கிளப்பிவிட்டது.

தோட்டத்துக்காரம்மா சிரிக்கவில்லை. "ஒடிச்ச காயி மலையேறாது சார். போய்ச் சேர்றதுக்குள்ள மூக்கு கறுத்துப் போகும். ஒரு மூட்டையில நாலு கெடந்தா மூட்டையவே திருப்பி விட்ருவாக."

"அப்போ இதை என்ன பண்றது?"

"என்னயக் கேட்டா? ஒடிச்சவுகதேன் கொண்டுபோகணும். அம்புட்டையும்."

ஒரு கிலோவுக்குக் கெஞ்சியவனுக்குச் சாக்கு நிறையத் தண்டனை! முகத்தைக் குற்றவாளிபோல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் ஆசை யாரை விட்டது? "இன்னும் நாலு ஒடிச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்திரிங்க சார் மொதல்ல!"

வியாபாரிக்குப் போடும் விலையையே எனக்கும் போட்டு, பெரிய சாக்கில் கட்டிக் கொடுத்தார். வீட்டில் மனைவி சாக்கைப் பிரித்து, "எல்லாமே வெண்டைக்காயா?" என்றாள். பிறகு, "எல்லாத்துக்குமே மூக்கைக் காணோமே?" என்றாள். நான் சுணை பட்ட உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு காயைப் போட்டு மென்றாள். அப்புறம் இன்னொன்றை எடுத்தாள். திட்டு வரவே இல்லை.

ஞாயிறு மதியம் இலையில் வெண்டைக்காய் சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் பச்சடி, வெண்டைக்காய் மோர்க்குழம்பு. சகலை இலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பாயசத்தை மட்டும் விட்டு வச்சிருக்கீங்களா சகலை?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. பொரியலை மூன்றாவது முறை கேட்கக்கூட வாயைத் திறக்காமல் இலையைத்தான் காட்டினார்.

ரசம் ஊற்றும்போது அக்கா கேட்டாள். "என்னடி, எதிர் வீட்டு ஓனர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

கரண்டி என் கையில் இருந்தது. ரசம் சகலையின் இலையைத் தாண்டி ஓடுவதை நான் கவனிக்கவில்லை.

மனைவி சமையலறைப் பக்கம் பார்த்தாள். "பாதிச் சாக்கு அப்படியே இருக்குக்கா. இதை விட்டுட்டு எப்படி வர்றது? முதல்ல இது தீரட்டும்."

"தீர்ந்த பிறகு?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்த அம்மா வேற என்ன போட்டிருக்காங்களாம்? கத்தரி இருக்கா?"

அக்கா கிளம்பும்போது ஒரு பை வெண்டைக்காயோடு கிளம்பினாள்.

அடுத்த வாரம் மனைவியும் தோட்டத்துக்கு வந்தாள். தோட்டத்துக்காரம்மா என்னைப் பார்த்ததும் குவியலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "தாயி, இவுகளக் கையக் கட்டிக் கூட்டியாந்திருக்கலாம்ல?" என்று மனைவியிடம் கேட்டார். லோடில் சேராத கோணல் கத்தரி, வளைந்த புடலை எல்லாம் ஒதுக்கி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நான் வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

நின்றேன். போன் வந்தது. அந்தம்மா மலையைப் பார்த்துத் திரும்பி, "சேட்டா!" என்று தொடங்கினார். மனைவி குவியல் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

'டிக்'.

என் கைகள் இரண்டும் கால்சட்டைப் பையில்தான் இருந்தன. மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.