மாமாவின் ஜனாஸா அறிவித்தல்

ஜாவா என்ற கணினி மொழி தெரியும் என்ற திமிர் எனக்கு உண்டு. தில்லையடியில் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகம், யாராவது இறந்தால் ஜனாஸா அறிவித்தலை ஊராரின் கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப ஓர் இணையச் செயலி கேட்டபோது, மற்றவர்கள் வாய் திறக்குமுன் நான் தலையாட்டியதும் அந்தத் திமிரில்தான்.

செய்தியின் வாசகத்தை அமைக்க ஒரு கிளாஸ், அதாவது ஒரு நிரல் துண்டு, எழுதினேன். சோதித்துப் பார்க்க, மவுத்தானவராக யாரையாவது போட வேண்டும். உயிரோடு இருப்பவரின் பெயரைப் போடக் கை கூசியது. மாமா, என் மனைவியின் வாப்பா, சிரித்தார்.

"என்ட பேரப் போடுங்க மகன். எப்பயாச்சும் போடத்தானே வேணும்."

என்ன விவரம் கொடுத்தாலும் மாமாவின் பெயரும் எங்கள் வீட்டு விலாசமுமே வரும்படி எழுதிச் சோதித்தேன்.

பிறகு சோதனைக் கிளாஸின் அதே பெயரில் சரியான கிளாஸை எழுதி, ஜார் கோப்பாகக் கட்டி, லிப் என்ற கோப்புறையில் வைத்தேன். பழைய சோதனைக் கோப்பு கிளாசஸ் என்ற பக்கத்துக் கோப்புறையில் கிடந்தது. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சர்வர் கிளாசஸில் உள்ளதைத்தான் எடுக்கும். அலுமாரியில் மடித்து வைத்த உடுப்பிருக்க, கதிரையில் கிடப்பதை மாட்டிக்கொண்டு போகிறவனைப் போல. தெரியாமல் செய்த பிழை என்று சொல்லவும் வழியில்லை. நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பாடம் அது. பழையதை அழிக்கவுமில்லை, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கவுமில்லை.

செயலி ஓடத் தொடங்கியபின் முதலில் மவுத்தானவர், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெரியவர். பள்ளியில் விவரங்களைச் சரியாகத்தான் பதிந்தார்கள். ஊருக்குப் போனதோ மாமாவின் மவுத்து.

நான் கைபேசியைப் பார்க்குமுன் வாசல் நிறைய ஆட்கள். மாமா சோறு பிசைந்த கையோடு எழுந்து வந்தார். கட்டிப்பிடித்து அழுதவர், சிரித்தவர், ஆயுசு கெட்டி என்றவர் என்று வீடே அமளிப்பட்டது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதை மறைக்க நானும் சிரித்தேன்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் மாமாதான். "அப்ப மவுத்தானது யாரு?"

பள்ளிக்கு ஓடி விசாரித்தபோது, அந்தப் பெரியவரை, இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பில் உள்ள சின்னப் பள்ளியில் தொழுவித்து அடக்கியும் விட்டிருந்தார்கள். தொழுகைக்கு ஒரு வரிசைகூட நிறையவில்லையாம்.

மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். கோப்புறை, சர்வர் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த விளக்கத்தை மகனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடியா? நாங்க அகதியா வந்த ஆக்கள்தானே, அதான் வரல்லண்டு நெனச்சோம். உம்மா அதச் சொல்லித்தான் அழுதாங்க."

கணவரை இழந்து, அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் இருந்த அவருடைய உம்மா திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார். "அப்ப ஊருக்கு எங்கள்ல வெறுப்பு ஒண்டும் இல்லையா, மகன்?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஊர் வந்திச்சு உம்மா," என்றேன். "நான்தான் எங்கட வீட்டுக்கு அனுப்பிட்டேன்."